ஆயுள் முடிந்ததாக யார் சொன்னது?

“பழசை வெச்சுக்கிட்டு ஏன் மல்லுக்கட்டுற? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு.”

கணினி விஷயத்தில் நம் ஊரில் காசில்லாமல் கிடைக்கும் ஒரே ஆலோசனை இதுதான். சர்வீஸ் கடைக்காரர் சொல்கிறார், ஆபீஸ் ஐ.டி. ஆள் சொல்கிறார், புதிதாகச் சம்பாதிக்க ஆரம்பித்த தம்பி சொல்கிறான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் இந்த ஆலோசனைக்கு அடியில் ஒரு பொய் இருக்கிறது. மென்பொருளும் பால் பாக்கெட் மாதிரி, தேதி வந்தால் தானாகத் திரிந்துவிடும் என்கிற பொய்.

மென்பொருள் திரிவதில்லை. 2009-இல் எழுதப்பட்ட நிரல், ஓடுகிற இயந்திரம் இருக்கும்வரை அன்று செய்த வேலையை இன்றும் செய்யும். காலப்போக்கில் நடப்பது வேறு. அதிலிருக்கும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக யாராவது கண்டுபிடிக்கிறார்கள். ஓட்டையை அடைக்க ஒரு கோப்பு வேண்டும். அந்தக் கோப்பை எழுதுவதா வேண்டாமா, எழுதியதை யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு காலம் கொடுப்பது என்பதெல்லாம் ஒரு நிறுவனத்தின் கூட்டத்தில் எடுக்கப்படும் முடிவுகள். அந்த முடிவுக்கு ‘எண்ட் ஆஃப் லைஃப்’ என்று பெயர் வைத்து, ஏதோ இயற்கை மரணம் போல நம்மிடம் சொல்கிறார்கள். நாமும் துக்கம் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போகிறோம்.

நான் சிறு பதிப்பகங்களுக்குப் புத்தக வடிவமைப்பு செய்கிறவன். இந்தத் தொழிலில் பழைய கணினி என்பது ஏக்கமோ பழம்பொருள் ஆசையோ கிடையாது, அன்றாடப் பிழைப்பு. தமிழ் டிடிபி உலகத்தில் பேஜ்மேக்கர் 7 இன்னமும் உயிரோடு இருக்கிறது. அது 2001-இல் வந்தது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கங்கள் அதன் கோப்புகளில்தான் கிடக்கின்றன. மறுபதிப்புக்கு வரும் நாவலின் மூலக்கோப்பு, அந்தக் கோப்பு கேட்கும் எழுத்துரு, அந்த எழுத்துருவுக்கான விசைப்பலகை மென்பொருள், கூடவே ஒரு பழைய லேசர் பிரிண்டர் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பமாக ஒரே பெட்டிக்குள் வாழ்கின்றன. ஒன்றைப் பிரித்தால் மற்றது படுத்துக்கொள்ளும். இப்படி ஒரு பெட்டி வைத்திருக்கும் அக்காவிடம் போய் “புதுசு வாங்குங்க” என்று சொல்கிறவருக்கு அந்த வேலையும் தெரியாது, அவர் வருமானமும் தெரியாது.

சரி, பழைய பெட்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்? விண்டோஸ் 7-ஐ எடுத்துக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புது டிஸ்க் மாட்டிப் பழைய சிடியிலிருந்து மறுபடி நிறுவுகிறீர்கள் என்று வையுங்கள். அப்டேட் பட்டனை அழுத்தினால் எதுவும் வராது. ஏன்?

அப்டேட் கோப்பு உண்மையிலேயே மைக்ரோசாஃப்டிடமிருந்துதான் வருகிறதா என்று கணினி சரிபார்க்க அதில் ஒரு டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். முன்பு எஸ்ஹெச்ஏ-1 என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். அதைப் போலி செய்ய முடியும் என்று 2017-இல் வெளிப்படையாகவே நிரூபித்தார்கள். அதனால் 2019-இல் விண்டோஸ் 7-க்கான அப்டேட்டுகளை எஸ்ஹெச்ஏ-2 முறைக்கு மாற்றினார்கள். மாற்றியது சரிதான். ஆனால் புதுக் கையொப்பத்தைப் படிக்கப் பழைய சிடியில் இருக்கும் விண்டோஸுக்குத் தெரியாது. படிக்கக் கற்றுக்கொடுக்கும் பாடமே ஒரு அப்டேட்டாகத்தான் வர வேண்டும். 2020 ஆகஸ்டில் பழைய முறையில் வந்துகொண்டிருந்த வழியையும் மூடிவிட்டார்கள். பூட்டின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியாயிற்று.

ஆக, கையால்தான் செய்ய வேண்டும். முதலில் சர்வீஸ் பேக் 1, 32-பிட்டுக்கு 500 எம்பிக்கு மேல். பிறகு கேபி 4490628. ரீஸ்டார்ட். பிறகு கேபி 4474419. மறுபடி ரீஸ்டார்ட். 2016 ஏப்ரல் வரை வந்தவற்றில் பெரும்பாலானவற்றை மூட்டையாகக் கட்டிய கேபி 3125574 ஒன்று உண்டு. ஆனால் அதற்கு முன்னால் கேபி 3020369 போட்டிருக்க வேண்டும். வரிசை மாறினாலோ, 32-பிட்டுக்குப் பதில் 64-பிட் கோப்பை எடுத்திருந்தாலோ ‘இந்த அப்டேட் உங்கள் கணினிக்குப் பொருந்தாது’ என்று ஒரு வரி வரும். ஏன் பொருந்தாது என்று சொல்லாது. இந்தக் கோப்புகளை அந்தக் கணினியிலேயே இறக்கலாம் என்றால், அதனுடன் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 இன்றைய தளங்களில் பெரும்பாலானவற்றைத் திறக்காது. இன்னொரு கணினியும் பென் டிரைவும் வேண்டும்.

இது கஷ்டமா? இல்லைங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். எந்த எண் முதலில், எந்த எண் அடுத்தது என்பதுதான் மொத்த ரகசியமும். இதில் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரே கோப்பாகக் கட்டி, ‘இதை ஓட்டினால் கடைசி நாள் வரைக்குமான எல்லாம் வந்துவிடும்’ என்று கொடுத்திருக்கலாம். 2016-இல் அப்படி ஒரு மூட்டை கட்டத் தெரிந்தவர்களுக்கு 2020-இல் தெரியாமல் போகுமா? தெரியும். செய்யவில்லை. மாறாக, அதே 2020 ஆகஸ்டில், எஸ்ஹெச்ஏ-1 கையொப்பம் மட்டுமே கொண்ட பழைய கோப்புகளைத் தங்கள் தரவிறக்க மையத்திலிருந்து எடுத்தும்விட்டார்கள்.

“எத்தனை வருஷத்துக்குத்தான் ஒரு கம்பெனி பழசுக்கு உழைக்கும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அவர்கள் விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. ஆனால் பணம் கட்டிய நிறுவனங்களுக்கு 2023 ஜனவரி வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அதாவது அந்தக் கோப்புகள் எழுதப்பட்டன, சோதிக்கப்பட்டன, சர்வரில் இருந்தன. வீட்டில் அதே விண்டோஸ் 7 வைத்திருந்தவருக்குக் கதவு சாத்தியிருந்தது. செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. பிறகும் கொடுக்காததற்கு உழைப்பைக் காரணம் காட்ட முடியாது.

விண்டோஸ் 10-இல் இதே நாடகம் இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்தது. நீட்டிப்பு வேண்டுமானால் நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பு. வீட்டுக் கணினிக்கு ஓராண்டு நீட்டிப்பு 30 டாலர். காசு வேண்டாமென்றால் ஒரு வழி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் அமைப்புகளை அவர்கள் சர்வரில் சேமிக்கச் சம்மதிப்பது. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் குரல் கொடுத்ததும், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்திக் காசில்லாமல் தருவதாக அறிவித்தார்கள். அதே கோப்புதான், அதே ஓட்டைக்கான அடைப்புதான். கேட்கிறவன் குரலைப் பொறுத்து விலை மாறுகிறது என்றால், அதற்குப் பெயர் பேரம். சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் நாம் இதற்கு ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்?

விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய 2017-க்குப் பிறகு வந்த எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அரசு மடிக்கணினி கொடுத்தது. ஒரு தலைமுறை முதன்முதலில் தமிழில் தட்டச்சு செய்தது, பிடிஎஃப்பில் நாவல் படித்தது, இரவில் ஒளிந்து படம் பார்த்தது எல்லாம் அதில்தான். அந்தப் பெட்டிகளில் தொடக்க ஆண்டுகளில் வந்தவை 2 ஜிபி ராம் கொண்டவை. விசைப்பலகை தேய்ந்திருக்கலாம், பேட்டரி செத்திருக்கலாம், ஆனால் எத்தனையோ வீட்டுப் பரண்களில் அவை இன்னும் பட்டனை அழுத்தினால் எழுந்து நிற்கும். அவற்றைக் குப்பை என்று அறிவிக்கும் அதிகாரத்தை யாருக்கு எழுதிக் கொடுத்தோம்?

குப்பை என்பது இங்கே உருவகமும் இல்லை. ஐ.நா.வின் மின்கழிவு அறிக்கை 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது என்கிறது. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மீதியில் ஒரு பகுதியை யாரோ வெறுங்கையால் உடைக்கிறார்கள், எரிக்கிறார்கள். அந்தப் புகை புதுசு வாங்கச் சொன்னவர் வீட்டுப் பக்கம் வராது.

இப்போது பலமான எதிர்வாதத்துக்கு வருகிறேன். “பழைய கணினி ஆபத்து. வானாக்ரை ஞாபகம் இல்லையா?” நன்றாகவே இருக்கிறது. 2017 மே 12-இல் அந்த வைரஸ் உலகத்தையே உலுக்கியது, பிரிட்டனின் மருத்துவமனைகள் வரைக்கும். ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அடிபட்டதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். விண்டோஸ் 7 அன்று ஆதரவில் இருந்தது. அடைப்பு மார்ச் 14-லேயே வந்துவிட்டது, மக்கள் போடவில்லை. ஏன் போடவில்லை? ஒரு காரணமாக நான் நினைப்பதைச் சொல்கிறேன். 2015, 2016-இல் கேபி 3035583 என்ற ஒன்று சாதாரண அப்டேட் வேஷத்தில் வந்து, திரையின் மூலையில் உட்கார்ந்துகொண்டு ‘விண்டோஸ் 10 வாங்கிக்கோ, வாங்கிக்கோ’ என்று நச்சரித்தது. பாதுகாப்பு வருகிற அதே குழாயில் விளம்பரத்தையும் விட்டார்கள். ஜனங்களில் சிலர் குழாயையே மூடினார்கள். டேட்டாவைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்த நம் ஊரில் மூடுவதற்குக் கூடுதல் காரணமும் இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2014-லேயே ‘ஆயுள் முடிந்த’ விண்டோஸ் எக்ஸ்பிக்கு வானாக்ரை வெடித்த கையோடு அடைப்பு வெளியிட்டார்கள். செத்த பிணத்துக்கு மருந்து கொடுப்பார்களா? மருந்து இருந்தது, கொடுக்க மனசும் வந்தது, ஊர் எரிந்த பிறகு. பழைய கணினி ஆபத்து என்பதை நான் மறுக்கவே இல்லை. அந்த ஆபத்தைக் காட்டியே புதுசை விற்கிறவர், ஆபத்தைக் குறைக்கும் கோப்பையும் கையில் வைத்திருக்கிறார் என்கிறேன்.

அடுத்து லினக்ஸ் நண்பர்கள். “அதுக்குத்தான் லினக்ஸ் போடச் சொல்றோம்.” போடுகிறேன், தோழர்களே. இணையம் பார்க்க, எழுத, படிக்க மட்டும் பயன்படும் பெட்டி என்றால் முதலில் அதைத்தான் போட்டுக் கொடுப்பேன். ஆனால் பேஜ்மேக்கர் கோப்போடு பிழைக்கும் அக்காவுக்கு அது விடையாகாது. தவிர, லினக்ஸிலும் கதவுகள் மூடுகின்றன. உபுண்டு 2017-லேயே 32-பிட் டெஸ்க்டாப் நிறுவியை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டெபியனின் பழைய பதிப்புகள், அவற்றின் அப்டேட்டுகள் உட்பட, காப்பகத்தில் அப்படியே இருக்கின்றன. யாரும் போய் எடுத்துக்கொள்ளலாம். தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்புக்கு முடிகிறது, உலகின் பெரும் பணக்கார நிறுவனங்களில் ஒன்றுக்கு முடியவில்லை.

ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டதைப் பற்றி உ.வே.சா. எழுதியதைப் படித்து உச்சுக் கொட்டுகிறவர்கள் நாம். ஓலை ஒரு கட்டத்தில் பொடியும், அதற்குள் யாராவது படியெடுக்க வேண்டும். படியெடுக்க ஆள் இருந்த நூல் பிழைத்தது. அப்டேட்டும் அந்த வகை வேலைதான். பெயரில்லாத, பெருமையில்லாத, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. அதை மதிக்காத இலக்கியச் சூழல், இருபது வருடத் தமிழ் மூலக்கோப்புகளைத் திறக்க முடியாமல் தவிக்கும்போது மட்டும் மரபு, ஆவணம் என்று கட்டுரை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

என் கோரிக்கைகள் பெரியவை இல்லை. காலமெல்லாம் உழைக்கச் சொல்லவில்லை. ஆதரவு முடியும் நாளில், அதுவரை வந்த அத்தனை அடைப்புகளையும் ஒரே கோப்பாகக் கட்டி, எந்த சர்வரையும் கேட்காமல் நிறுவும்படி வெளியிட வேண்டும். அது எப்போதும் இறக்கக் கிடைக்க வேண்டும். காசு கட்டியவர்களுக்காக எழுதியதை, அவர்கள் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். விற்கும்போதே பெட்டியின் மேல், எம்.ஆர்.பி. பக்கத்தில், எந்த ஆண்டுவரை அப்டேட் வரும் என்று அச்சடிக்க வேண்டும். இதெல்லாம் நடக்காத காரியமும் இல்லை. விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இயங்குதள அப்டேட் தர வேண்டும் என்று கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டு, 2025 ஜூன் 20 முதல் அமலுக்கும் வந்துவிட்டது. லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கும் ஓர் அரசு டெண்டரில் இதை ஒரு வரியாகச் சேர்த்தால் எந்த நிறுவனமும் சந்தையை விட்டு ஓடிவிடாது.

அதுவரை நாமே படியெடுப்போம். உங்கள் கணினிக்கான அப்டேட் கோப்புகளை இப்போதே, கிடைக்கும்போதே, பென் டிரைவில் இறக்கி வையுங்கள். அதிகாரப்பூர்வ கேட்டலாக்கிலிருந்து மட்டும் எடுங்கள். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து கையொப்பம் யாருடையது என்று பாருங்கள். எந்த வரிசையில் போட வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆதரவு முடிந்த பெட்டியில் வங்கி வேலை செய்யாதீர்கள். பக்கம் கட்டுவதற்கு மட்டும் என்றால் நெட் வயரையே பிடுங்கிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு யாராவது வந்து “இதோட ஆயுள் முடிஞ்சுபோச்சுங்க” என்றால், யார் முடித்தார்கள் என்று கேளுங்கள்.