தென்னைக்கு வந்த ஆபத்து

வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய மலையடிவார ஊர்களில் தென்னையை நம்பி வாழும் குடும்பங்கள் அநேகம். அந்தத் தென்னைக்குச் சுருள் வெள்ளை ஈ என்னும் அந்நியப் பூச்சியால் நேர்ந்துள்ள கஷ்டம் சொல்லுந்தரமன்று. ஓலையின் அடிப்புறத்தில் வெள்ளைச் சுருள்களாக முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சுகிறது. அது கழிக்கும் தேன் போன்ற நீரில் கரும்பூசணம் படர்ந்து, ஓலை கரி பூசினாற்போல் ஆகிவிடுகிறது.

இப்பூச்சி நம் நாட்டது அன்று. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. 2004-ல் பெலீஸ் நாட்டுப் பூச்சியைக் கொண்டு விஞ்ஞானிகள் இதற்குப் பெயரிட்டனர். 2009-ல் புளோரிடாவில் தோன்றிற்று. 2016-ல் பொள்ளாச்சியில் காணப்பட்டது. ஈ தானாகக் கடல் தாண்டுவதில்லை. செடியோடும் சரக்கோடும் மனிதனே அதைச் சுமந்து வருகிறான்.

மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழுவின் கதையும் இதுவே. 2016-ல் ஆப்பிரிக்காவில் கால்வைத்த அது, 2018-ல் கர்நாடகத்தில் தென்பட்டு, அவ்வாண்டே தமிழ்நாட்டுக்கும் வந்தது. இந்தியப் புழுவின் மரபணு ஆப்பிரிக்கப் புழுவினதை ஒத்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆசியாவினுள் அது ஒரு முறையன்று, பன்முறை நுழைந்திருக்க வேண்டும் என்பது பின்னர் நடந்த ஆராய்ச்சிகளின் முடிவு. அப்படியானால் திறந்து கிடப்பது ஒரு வாசல் அல்ல, பல வாசல்கள்!

பூச்சியின் பூர்வீகத்தை அறிந்தால் அதன் பகைவனையும் அறியலாம். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றியபோது, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் பாழாயின. 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவித்த சிறு ஒட்டுண்ணிக் குளவி அதை அடக்கிற்று. தென்னை வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற குளவியோ, யாரும் தருவிக்காமலே நம் தோப்புகளில் இருக்கிறது. மனம் போனபடி விஷ மருந்தைத் தெளிப்பவர் பகைவனோடு இந்த நண்பனையும் சேர்த்தே கொல்கிறார்.

விவசாயிகளுக்கு நாம் சொல்வது இதுதான்: விஷத்தை நிறுத்துங்கள்; மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள்; குளவி தங்கிய ஓலைத் துண்டுகளை மற்றத் தோப்புகளுக்கும் கொண்டுபோய் வையுங்கள்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. அந்நியப் பூச்சிகளைத் தடுக்க 1914-லேயே இந்தியாவில் சட்டம் பிறந்தது. பயிர்ப் பூச்சிகளை ஒழிக்கச் சென்னை மாகாணம் 1919-ல் தனிச் சட்டமே இயற்றிற்று. சட்டத்திற்குப் பஞ்சமில்லை, காவலுக்குத்தான் பஞ்சம். துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் மரபணுச் சோதனையோடு கூடிய கண்டிப்பான பரிசோதனை வேண்டும். பூச்சி பிடித்த இடத்துத் தென்னங்கன்று வேறிடம் செல்லாமல் தடுக்க வேண்டும். ஒட்டுண்ணி வளர்க்கும் நிலையம் வட்டாரந்தோறும் வேண்டும்.

தோப்பு பட்டுப்போன பின் நிவாரணம் வழங்குவதைவிட, வாசலிலேயே பூச்சியைத் தடுப்பது மேலானது, செலவும் குறைவு. இதை உணர இன்னும் எத்தனை பூச்சிகள் வந்திறங்க வேண்டுமோ?