உபரிப் பெண்ணின் பிள்ளை

கல்யாணம் ஆகாத பெண் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்ற கேள்விக்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. தனித்து வாழும் பெண்ணுக்குச் சிகிச்சை மறுக்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2005லேயே நெறிமுறை எழுதியது. 2021ல் வந்த கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்ணுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. புருஷன் இருந்தாக வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் ஊர் கேட்கும் கேள்வி வேறு. "யாரு வித்து?"

நான் வங்கியில் குமாஸ்தா. கவிதை எழுதுகிறவள். முப்பதுகளில் இருக்கும் தலித் பெண், தனியாள். கொடையாளி விந்தின் மூலம் பிள்ளை பெறத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். தயாராவது என்றால் என்ன? கருமுட்டை இருப்பை ஓரளவு காட்டும் ஏஎம்ஹெச் சோதனை. தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின். கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று ஒரு படம். ரூபெல்லா ஊசி போடாதவள் போட்டுக்கொண்டு ஒரு மாதம் காத்திருக்கணும். கரு தங்குவதற்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கொடையாளிக்கும் சோதனை உண்டு. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் இல்லை என்று தெரிந்தாகணும். இவ்வளவு பார்த்தும் முதல் சுற்றிலேயே கரு நிற்கும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

உடம்பைத் தயார் பண்ண டாக்டர் இருக்கார். சாதிக்கு?

ஒரு மருத்துவமனையில் ஆலோசனை சொன்ன அம்மா என்னிடம் கேட்டது இது: "கொஞ்சம் கலரா, நல்ல கம்யூனிட்டியா பாக்கலாமா மேடம்? பிள்ளைக்கு நல்லதுதானே." நல்ல கம்யூனிட்டி! வாடகைக்கு வீடு தேடும்போது நாம் கேட்டுப் பழகிய அதே வார்த்தை. தம்பதிகள் தங்கள் சாதிக்காரரின் விந்தே வேண்டும் என்று கேட்பதைப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. 2012ல் சென்னைத் தம்பதி ஒன்று ஐஐடி மாணவரின் விந்து கேட்டு விளம்பரம் கொடுத்ததும் செய்தியாயிற்று. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்தாலும் சாதி சாகவில்லை தோழர்களே.

ஏன் சாகவில்லை? 1916ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரையில் விடை இருக்கிறது. சாதியின் உயிர் அகமணம். புருஷன் செத்தபின் மிஞ்சும் பெண் சாதிக்கு வெளியே மணந்தால் அகமணம் உடையும். அவளை உபரிப் பெண் என்று அடையாளம் காட்டினார் அவர். உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் அவளைத் தீர்த்துக்கட்டக் கண்டுபிடித்த வழிகள். மணமே இல்லாமல் பிள்ளை பெறும் பெண் இன்னும் பெரிய உபரி. அவளிடம் அகமணத்தை எப்படிக் காவல் காப்பது? கல்யாணத் தரகர் பார்த்த வேலையை இப்போது கொடையாளிப் பட்டியல் பார்க்கிறது.

பெரியார் 1940களிலேயே 'இனிவரும் உலகம்' நூலில், ஆண் பெண் சேர்க்கை இல்லாமல் ஊசி வழியே கருத்தரிக்கும் காலம் வரும் என்றார். அந்தத் துணிச்சல் இன்றைக்கும் நம் பலபேருக்கு இல்லை. ஆனால் அதே இடத்தில், உடற்கட்டும் அறிவும் அழகும் பார்த்துப் பொறுக்கிய ஆண்களின் வித்து என்றும் கற்பனை செய்தார். பொறுக்குவது யார்? எவருடைய நிறம் அழகு, எவருடைய படிப்பு அறிவு? சாதிச் சமூகத்தில் பொறுக்கினால் கடைசியில் மிஞ்சுவது 'நல்ல கம்யூனிட்டி'தான். இந்த இடத்தில் பெரியாரோடு முரண்பட்டே ஆகணும்.

நம்ம பக்கத்தையும் பேசணும். "நம்ம ஆளோடதா இருந்தா சரிதான்" என்றார் ஒரு தோழர். "இயக்கப் பையன் ஒருத்தனைக் கட்டிக்கங்கக்கா" என்றார் இன்னொருவர். ரத்தத்தில் சாதி இல்லை என்று மேடையில் முழங்குகிறோம், விந்தில் மட்டும் இருக்கா? சாதி ஊர்க்கண்ணில் இருக்கிறது. எங்க சேரியில் என் மடியில் வளரும் பிள்ளையை ஊர் எதுவாகப் பார்க்கும் என்பதில் யாருக்காவது சந்தேகமா? அதனால் கொடையாளியின் நோய் விவரம் கேட்பேன். சாதி கேட்கமாட்டேன், சொன்னாலும் வாங்கமாட்டேன். "தத்தெடுக்கலாமே" என்கிறவர்கள் கல்யாணமான பெண்ணிடமும் இதையே முதலில் கேட்டுவிட்டு வரட்டும்.

அடுத்தது காகிதம். 'தகப்பனார் / கணவர் பெயர்' என்ற கட்டத்தோடு மல்லுக்கட்டுவதே என் தினசரி வேலை. அந்தக் கட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துவருகிறது. மணமாகாத தாய், தகப்பன் யாரென்று சொல்லாமலே காப்பாளர் ஆகலாம் என்று 2015ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாஸ்போர்ட்டுக்கு 2016 முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 2018ல் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கொடையாளி விந்தில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரை வெறுமையாக விடச் சொன்னது. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தகப்பன் விவரம் கேட்காத தனிப் படிவமே வேண்டும் என்று 2021ல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மிச்சம் இருப்பது சாதிச் சான்றிதழ். கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் சாதிதான் என்று கண்ணை மூடி முடிவுகட்ட முடியாது, எந்தச் சூழலில் வளர்ந்தது, எந்த இழிவைச் சுமந்தது என்று பார்க்கணும் என 2012ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் பிள்ளைக்கோ சட்டப்படி தகப்பனே கிடையாது. கொடையாளிக்குப் பிள்ளை மேல் எந்த உரிமையும் இல்லை. பிறகு தாசில்தார் ஆபீசில் "அப்பா சர்டிபிகேட் எங்கம்மா?" என்று கேட்க என்ன இருக்கிறது? இழிவைத் தாய்வழி சுமக்கும் பிள்ளைக்கு இடஒதுக்கீடும் தாய்வழி வந்தாகணும்.

நான் சம்பளக்காரி, கடன் போட்டாவது கட்டுவேன். களையெடுக்கும் பெண்ணுக்குச் சட்டம் திறந்த கதவைப் பணம் மூடிவிடுகிறது. ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். கொடையாளியின் சாதியைக் கேட்பதும் சொல்வதும் குற்றமாகணும். தாயின் சாதிச் சான்றிதழ் ஒன்றே பிள்ளைக்குப் போதும் என்றாகணும். தனித்து வாழும் பெண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கணும். அடுத்த மாநாட்டில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். மாற்றுக் கருத்து உள்ள தோழர்கள் எழுதுங்கள், விவாதிப்போம்.