கீவ் நகரின் திறவுகோல் யார் கையில்?

2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1 ஆம் திகதி, பொழுது புலருமுன், உக்ரேன் நாட்டின் தலைநகராகிய கீவ் மீது ஏவுகணைகள் வீசப்பட்டன. அபாயச் சங்கு ஒலித்ததும் டெஸ்னியான்ஸ்கி வட்டாரத்து மக்கள் சிலர் அருகிலிருந்த மருத்துவ நிலையத்தின் பாதுகாப்பறையை நோக்கி ஓடினர். கதவு பூட்டியிருந்தது. தட்டினர், திறப்பாரில்லை. வானில் தகர்க்கப்பட்ட ஏவுகணையின் சிதறல்கள் அவ்விடத்திலேயே வந்து வீழ்ந்தன. 9 வயதுச் சிறுமி ஒருத்தி, அவளுடைய தாய், வேறொரு பெண் ஆக மூவர் மாண்டனர்.

அவர்களைக் கொன்றது ரஷ்ய ஏவுகணை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அக்கதவின் திறவுகோலுக்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்வி அன்று காலையிலேயே எழுந்தது. நகரபிதாவைச் சிலர் சுட்டினர். நகரபிதாவோ, தமக்கும் ஒரு பங்குண்டு என ஒப்புக்கொண்டு, வட்டாரத் தலைவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி என்பதை நினைவூட்டினார். பிணங்கள் அடக்கம் செய்யப்படுமுன்பே பொறுப்பு ஒரு கையிலிருந்து மறு கைக்கு எறியப்பட்டது. இந்த நிலை எவ்வாறு வந்தது என்பதை ஆராய்வதே நமது நோக்கம். அதற்கு அந்த நகரபிதாவின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

விற்றாலி கிளிச்கோ 1971 இல், அன்றைய சோவியத் கிர்கீசியாவில் பிறந்தவர். தந்தையார் சோவியத் விமானப்படையில் உயர் அதிகாரி. 1986 இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின் அங்கு நடைபெற்ற துப்புரவுப் பணியில் ஈடுபட்டவர். 2011 இல் புற்றுநோயால் மறைந்தார். படைத்தளம் விட்டுப் படைத்தளம் மாறிய அக்குடும்பத்தில் வழங்கியது ரஷ்ய மொழி. உக்ரேனிய மொழியை மைந்தர் வளர்ந்தபின்னரே செம்மையாகப் பயின்றார். மேடையில் அவர் நாத்தவறியவற்றைக் கீவ் மக்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்ததுண்டு. சிரித்தவர்களே அவருக்கு வாக்கும் அளித்தனர்.

உலகம் அவரை முதலில் அறிந்தது குத்துச்சண்டை வீரராக. 1996 இல் தொழில்முறைக் களத்தில் இறங்கிய அவர், 47 போட்டிகளில் 45 இல் வென்றார். அவற்றுள் 41 வெற்றிகள், குறித்த சுற்றுகள் முடியுமுன்பே எதிராளியைச் செயலிழக்கச் செய்து பெற்றவை. தோற்ற போட்டிகள் இரண்டே. 2000 இல் தோள்காயத்தாலும், 2003 இல் லெனொக்ஸ் லூயிஸுடன் பொருதியபோது முகத்தில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தாலும் அவை முடிவுற்றன. இரண்டிலும் புள்ளிகளில் முன்னின்றவர் கிளிச்கோவே. களத்தில் ஒருமுறையேனும் அவர் நிலத்தில் வீழ்த்தப்பட்டதில்லை. 2000 இல் விளையாட்டு விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

களத்தில் வீழாதவர் தேர்தலில் வீழ்ந்தார். 2006 இல் கீவ் நகரபிதா பதவிக்குப் போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். 2008 இல் மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். வேறொருவராயின் புகழையும் பொருளையும் கொண்டு வெளிநாட்டில் சுகமாக இருந்திருப்பார். இவரோ நகரசபை உறுப்பினராக அமர்ந்து, 2010 இல் தமது கட்சியை அமைத்து, 2012 பாராளுமன்றத் தேர்தலில் 40 ஆசனங்களை வென்றார். 2013 இன் இறுதியில் மைதான் சதுக்கத்தில் மக்கள் கிளர்ந்தபோது எதிர்க்கட்சித் தலைவர் மூவரில் ஒருவராக நின்றார். 2014 பெப்ரவரி 21 ஆம் திகதி ஜனாதிபதி யனுகோவிச்சுடன் உடன்படிக்கையில் ஒப்பமிட்டு மேடையேறியபோது, அதே சதுக்கத்து மக்கள் அவரைக் கூச்சலிட்டு எதிர்த்தனர். மக்கள் மன்றத்தின் கடுமையை அன்று அவர் நேரிற் கண்டார். ஜனாதிபதி பதவிக்கான போட்டியிலிருந்து விலகி, 2014 மே 25 ஆம் திகதி கீவ் நகரபிதாவாகத் தெரிவானார்.

இனி, அப்பதவியின் தன்மையைக் காண்போம். கீவ் நகரில் ஒரே ஆசனத்துக்கு இரு கால்கள் உள. நகரபிதாவை மக்கள் தெரிவுசெய்கின்றனர். நகர அரச நிர்வாகத்தின் தலைவரை ஜனாதிபதி நியமிக்கின்றார். பணமும் பணியாளரும் பெரும்பாலும் இரண்டாவது பதவியின் கீழேயே உள்ளன. மக்கள் தெரிந்தெடுத்தவரையே ஜனாதிபதி நிர்வாகத் தலைவராகவும் நியமித்தல் வேண்டும் என உக்ரேனின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2003 இல் தீர்ப்பளித்தது. 2010 இல் ஆட்சியாளர் சட்டத்தைத் திருத்தி இரு பதவிகளையும் பிரித்தனர். நகரபிதா பெயரளவில் இருக்க, அலெக்சாண்டர் போபொவ் என்பவர் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டு நகரை ஆண்டார். 2012 இல் நகரபிதா விலகியபின்னும் உடனே தேர்தல் வைக்கப்படவில்லை. ஒரு நாட்டின் தலைநகரம் தான் தெரிந்தெடுத்த தலைவரின்றி 2014 வரை காத்திருந்தது.

2014 இல் இரு பதவிகளும் மீண்டும் ஒரே கையிற் சேர்ந்தன. 2015 இலும் கிளிச்கோ வென்றார். 2019 இல் செலென்ஸ்கி ஜனாதிபதியானதும் பழைய இழுபறி மீண்டும் தொடங்கியது. நிர்வாகத் தலைவர் பதவியிலிருந்து கிளிச்கோவை நீக்குவதற்கு அமைச்சரவை இணக்கம் தெரிவித்தது, ஜனாதிபதி ஒப்பமிடவில்லை. முடிவை மக்கள் கூறினர். 2020 ஒக்டோபரில் பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளுடன் முதற் சுற்றிலேயே கிளிச்கோ வென்றார். ஒருகாலத்தில் நியமனத்தால் நகரை ஆண்ட போபொவ் வெகுதூரம் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். ஜனாதிபதியின் கட்சி வேட்பாளர் அவருக்கும் பின்னே நின்றார்.

பின்னர் யுத்தம் வந்தது. 2022 பெப்ரவரி 24 ஆம் திகதி ரஷ்யப் படை எல்லை கடந்தது. கீவ் நகரின் வாயிலை எதிரி நெருங்கிய நாட்களில், கிளிச்கோவும் அவர்தம் இளவல் விளாடிமிரும் நகரைவிட்டு அகலவில்லை. ஏப்பிரல் தொடக்கத்துக்குள் எதிரிப்படை பின்வாங்கியது. ஆனால் யுத்தச் சட்டத்தின் கீழ் இராணுவ நிர்வாகம் என்ற மூன்றாவது கால் ஆசனத்துக்கு முளைத்தது. அதன் தலைவரை நியமிப்பவரும் ஜனாதிபதியே. 2024 டிசெம்பர் 31 ஆம் திகதி திமூர் தக்காசென்கோ அப்பதவிக்கு நியமிக்கப்பட்டபின், நகரபிதாவும் இராணுவ நிர்வாகத் தலைவரும் ஒருவரையொருவர் வெளிப்படையாகக் குறைகூறினர். உரலுக்கு ஒரு பக்கம் இடி. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. இங்கோ இடிபட்டது நகரபிதா மட்டுமன்று, நகரமும் இடிபட்டது.

நமது கருத்தை ஒளிக்காமற் கூறுவோம். யுத்த காலத்தில் படைக்கு ஒரே கட்டளை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. வான்காப்பும் ஊரடங்கும் காவலரண்களும் படைத்தலைமைக்கு உரியவை. அவற்றில் நகரசபைக்கு வேலையில்லை. ஆனால் குடிநீர்க் குழாயும், வெப்பநிலையமும், பாதுகாப்பறைக் கதவும் நகரத்துக்கு உரியவை. குளத்து நீரைப் பங்கிடும் வட்டவிதானையைக் கமக்காரர் கூடித் தெரிவுசெய்தபின், துருசின் திறவுகோலைக் கச்சேரியில் வைத்துப் பூட்டினால், பயிர் கருகும் நாளில் யாரிடம் கேட்பது? இருவரும் தம்மிடம் இல்லை என்பர். இருவர் சொல்வதும் பாதி உண்மையாக இருக்கும். அந்தப் பாதி உண்மைதான் ஆபத்தானது. பொறுப்பு முழுவதும் ஒருவரிடம் இருந்தாலன்றிக் குற்றத்தை நாட்ட முடியாது.

இதனால் கிளிச்கோவின் நிர்வாகம் குறையற்றது என்று நாம் வாதிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். 2023 டிசெம்பரில் சுரங்க இரயில் பாதையில் நீர் கசிந்து 6 நிலையங்கள் மூடப்பட்டன. நகரின் தெற்கே வாழ்வோர் பல மாதங்கள் அல்லற்பட்டனர். 2025 பெப்ரவரியில் ஊழல் ஒழிப்புப் பணியகம் நகரக் காணிகளைச் சுற்றி நடந்த மோசடியை அம்பலப்படுத்தியபோது, நகர நிர்வாகத்தின் உயர் உத்தியோகத்தர் பெயரும் வெளிவந்தது. நகரபிதா மீது அப்போது வழக்குத் தொடரப்படவில்லையாயினும், தமது கூரையின் கீழ் நடந்ததை அறியேன் என்பது ஆளுவோனுக்கு அழகன்று. வட்டாரத் தலைவரை நியமித்தவர் வேறொருவர் எனினும், பத்தாண்டு அந்நகரை ஆண்டவர் ஒவ்வொரு பாதுகாப்பறைக் கதவையும் சோதித்திருக்க வேண்டும். குறைந்த அதிகாரம் குறைந்த கவனத்துக்கு நியாயமாகாது.

ஆனால், அக்குறைகளுக்குத் தண்டனை விதிக்கும் உரிமை கீவ் வாக்காளருக்கு உரியது. கூச்சலிட்டு எதிர்க்கவும், இரண்டு முறை தோற்கடிக்கவும், மூன்று முறை ஏற்றிவைக்கவும் தெரிந்தவர்கள் அவர்கள். 2025 இல் நடைபெற்றிருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை யுத்தச் சட்டம் தடுத்துவிட்டது. குண்டு விழும் நகரில் வாக்குச்சாவடி திறப்பது எளிதன்று என்பதை நாம் உணர்வோம். அதற்காக, பின்போடப்பட்ட தேர்தலின் இடத்தை நியமனப் பத்திரம் நிரப்பிவிடலாகாது. 2010 இல் அமைதிக்காலத்திலேயே அந்த வழி பரீட்சிக்கப்பட்டது. அதன் பயனை 2014 இல் நாடு கண்டது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பர். கீவ் நகரின் இரு மாளிகைகள் தம்முள் மோதும் ஒவ்வொரு நாளும் மொஸ்கோவுக்கு இலாபமே. நகர அலுவல்களின் திறவுகோலை மக்கள் தெரிந்தெடுத்தவர் கையில் முழுமையாக ஒப்படைக்கட்டும். அதன்பின் ஒரு கதவேனும் பூட்டிக் கிடந்தால், அவரை மன்னிக்க வேண்டாம். டெஸ்னியான்ஸ்கியில் மாண்ட அந்தச் சிறுமிக்கு, கதவைத் திறக்க வேண்டியவர் இன்னார் என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய ஒரு நகரம் இருந்திருக்க வேண்டும். இனி வரும் பிள்ளைகளுக்காவது அது இருக்கட்டும்.