முழங்காலுக்கு ஒரு நீதி, மனதுக்கு ஒரு நீதி

"எங்களிடம் உளவியலாளர் இருக்கிறார்" என்று உதைபந்தாட்டக் கழகங்கள் பெருமையாகச் சொல்கின்றன. அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அதே கழகம். சனிக்கிழமை யாரை இறக்குவது என்று முடிவெடுப்பவரின் ஆளிடம், பத்தொன்பது வயதுப் பிள்ளை எதை மனம்விட்டுச் சொல்லும்?

ஜேர்மனியப் பந்துக்காப்பாளர் றொபேர்ட் என்கே சொல்லவில்லை. பல ஆண்டுகள் மனச்சோர்வை மறைத்தே சிகிச்சை பெற்றார். தெரிந்தால் ஆட்டமும் போகும், தத்தெடுத்த மகளும் போவாள் என்ற பயம். 2009 நவம்பர் 10 அன்று, 32 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். பயேர்ன் மியூனிக்கின் செபஸ்தியான் டைஸ்லர் 2003இல் வெளியே சொன்னார். முழங்கால் காயங்களோடும் மனச்சோர்வோடும் போராடி, 2007இல், 27 வயதிலேயே விலகினார். ஆட்டம் போனது, உயிர் மிஞ்சியது.

முழங்கால் வீங்கினால் ஸ்கான், ஓய்வு, சம்பளம் எல்லாம் உண்டு. மனம் நொந்தால் மட்டும் "தைரியம் போதாது" என்கிறார்கள்.

பிள்ளையை அகாடமியில் சேர்க்கும் பெற்றோரே, கையெழுத்திட முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உளவியலாளர் கழகத்துக்கு வெளியே இருப்பவரா? அவருடைய குறிப்புகள் பயிற்றுநர் கைக்குப் போகாதா? கழகம் பிள்ளையை விடுவித்த பிறகும் சிகிச்சை தொடருமா? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.