கொடைக்கானலை யாரும் கண்டுபிடிக்கவில்லை



நேற்று என் பழைய மாணவன் ஒருவன் தன் தங்கும் விடுதிக்கு விளம்பரம் போட்டிருந்தான். "1845இல் வெள்ளையர்கள் கண்டுபிடித்த மலையில், மனிதக் கை படாத கூக்கால்!" படித்ததும் கோபம் வந்தது. பாதி அவன் மேல், பாதி என் மேல். 'கொடைக்கானலைக் கண்டுபிடித்தவர் யார்?' என்று வருஷா வருஷம் கேள்வி கேட்டு, அந்த விடைக்கு முழு மதிப்பெண் போட்டவன் நான்தானே.

கை படாத ஊராம்! தம்பி, விடுதி வாசலில் நின்று கீழே பார். படி படியாக இறங்குகிற பூண்டு வயலை யார் வெட்டினது? உன் பாட்டன், பூட்டன் கை எல்லாம் கணக்கில் வராதா?

1821இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி அளவெடுக்க ஏறினார். வெள்ளகவி வழியாக என்பார்கள். ஊர் இருந்ததால்தானே வழி இருந்தது? 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இரண்டு பங்களா கட்டினார்கள். 1863இல் லெவிஞ்ச் ஏரி அமைத்தார். எல்லாம் உண்மை. ஆனால் அது டவுனின் கதை. மலையின் கதை வேறு.

தாண்டிக்குடியிலும் பேத்துப்பாறையிலும் நிற்கும் கல்திட்டைகளுக்கு வயது இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல். பழனி பொதினியாக இருந்த காலத்தில், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்ட மலை இது. வகுப்பில் பேகனை நடத்தும்போது ஜன்னலுக்கு வெளியே கை காட்டி 'இந்த மலைதான்' என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இந்தக் கல்திட்டைகளைப் பற்றி முதலில் தனி நூலே எழுதியவர் ஆங்லேட் என்ற பாதிரியார். நியூட்டன் என்பவருடன் சேர்ந்து எழுதினார். 1928இல் தொல்லியல் துறை வெளியிட்டது. வெளியூர்க்காரர் மலையெல்லாம் ஏறி இறங்கி அளந்து எழுதினார். நம்ம பிள்ளைகள் அதே கல்லில் ஏறி செல்ஃபி எடுக்கிறார்கள், பெயரைக் கிறுக்குகிறார்கள். பலகைக் கல்லைப் பெயர்த்துப் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, உறவுகள் கோபிக்கக் கூடாது. 'நாங்கதான் இந்த மலைக்கு முதல் ஆள்' என்று நாமும் மார் தட்ட முடியாது. குன்னுவர் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்று நம் பெரியவர்களே சொல்வார்கள். அதற்கும் முன்னால் இங்கே பளியர் இருந்தார்கள். அவர்களை நாம் எந்த விளம்பரத்தில் போட்டிருக்கிறோம்?

தம்பி, அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடு. மற்றவர்கள் அவரவர் ஊர்ப் பெரியவர்களிடம் பாறை, ஓடை, பழைய நடைபாதை ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு இங்கே கீழே எழுதுங்கள். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சிப் பிள்ளைகளும் எழுதலாம். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம், வாத்தியார் இருக்கிறேன்.