மரம் சாய்ந்தால் பழி புயல் மேல்! வேரை அறுத்தது யார்?

செங்கல்பட்டு,

புயல் அடித்தது. மரம் விழுந்தது. ரம்பம் வந்தது. துண்டு போட்டு லாரியில் ஏற்றினார்கள். கேஸ் முடிந்தது!

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் நடப்பது இது தான். மனிதன் விழுந்து செத்தால் பிரேத பரிசோதனை உண்டு. மரம் விழுந்தால் அது கிடையாது. ஏன் விழுந்தது என்று யாரும் கேட்பது இல்லை. கேட்டால், குற்றவாளி காற்று மட்டும் அல்ல என்பது தெரிந்து விடும்.

புயலின் பாதையில்

வங்கக் கடலில் உருவாகும் புயல்களுக்கு இந்தக் கரை பழக்கப்பட்ட பாதை. 2016 டிசம்பர் 12-ந்தேதி 'வர்தா' புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் காற்று வீசியது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் நாசமாயின. பூங்காவை வாரக்கணக்கில் மூட வேண்டி வந்தது.

2022 டிசம்பர் 9-ந்தேதி நள்ளிரவில் 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரம் அருகிலேயே கரை ஏறியது. வர்தா அளவுக்கு வேகம் இல்லை. ஆனாலும் சென்னையில் மட்டும் சுமார் 400 மரங்கள் சாய்ந்தன.

இங்கே தான் ஒரு கேள்வி. ஒரே தெரு, ஒரே காற்று. பத்து மரங்களில் எட்டு நிற்கின்றன, இரண்டு விழுகின்றன. அந்த இரண்டு மட்டும் ஏன் விழுந்தன?

புயலே இல்லாமல் ஒரு சாவு

மரம் சாய புயல் தான் வர வேண்டும் என்பது இல்லை. சென்னை கே.கே.நகரில் 2022 ஜூன் 24-ந்தேதி ரோட்டோர மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கார் மேல் விழுந்தது. உள்ளே இருந்த பெண் ஒருவர் இறந்து போனார். அன்று புயல் இல்லை. பக்கத்தில் மழைநீர் வடிகால் வேலை நடந்து கொண்டிருந்தது. பள்ளம் தோண்டியது தான் காரணம் என்று பொதுமக்கள் கொதித்தார்கள். மாநகராட்சி அதை மறுத்தது.

அந்த ஒரு சம்பவத்தில் யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். பள்ளம் தோண்டினால் மரத்துக்கு என்ன ஆகும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

மரத்தின் வேர் ஆழமாகப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல் மண்ணில், மூன்று அடிக்குள் தான் ஓடுகின்றன. ஆனால் பக்கவாட்டில், கிளை பரப்பும் நிழலையும் தாண்டிப் போகும். கல்யாணப் பந்தலை நாலு பக்கமும் கயிறு இழுத்துப் பிடிக்கிறது அல்லவா? அப்படித்தான் வேர் மரத்தைப் பிடிக்கிறது. ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்து விட்டால் பந்தல் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியும்.

தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி வீடுகள் பெருகி விட்டன. கேளம்பாக்கம், கோவளம் பக்கமும் அதே கதை. வடிகாலுக்கு ஒரு பள்ளம், கேபிளுக்கு ஒரு பள்ளம், குடிநீர்க் குழாய்க்கு ஒரு பள்ளம். ஒவ்வொன்றும் அடிமரத்தை உரசிக் கொண்டே போகிறது. சித்திரையில் அறுந்த வேர் கார்த்திகையில் பழி வாங்குகிறது. அதற்குள் காண்டிராக்டர் பில் வாங்கிப் போயிருப்பார்!

மொட்டை அடிக்கும் வைத்தியம்

அடுத்த குற்றம் மேலே நடக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், கம்பியில் படும் கிளைகளை வெட்டுகிறார்கள். கம்பியில் கிளை உரசினால் ஆபத்து. வெட்டத்தான் வேண்டும். ஆனால் வருஷக்கணக்கில் ஒரே பக்கமாக வெட்டினால் பாரம் முழுவதும் மறு பக்கம் சாய்கிறது.

வீட்டுக்காரர்கள் இன்னொரு தப்பு செய்கிறார்கள். "மழை வரப் போவுது, மொட்டை அடிச்சு விடுப்பா" என்று ஆளைக் கூப்பிடுகிறார்கள். மொட்டை அடித்த மரம் சும்மா இருக்காது. வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். இந்தப் புதுக் கிளைகளுக்குப் பிடிப்பு கிடையாது. இரண்டு, மூன்று வருஷத்தில் முன்னை விட அடர்த்தியாகிக் காற்றைத் தாங்கி நிற்கும். வெட்டுக்காயம் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே சொத்தை விழும். பாரத்தைக் குறைக்கப் போய் பாரத்தை ஏற்றி வைத்த கதை தான்.

பல தெருக்களில் கிளை வெட்டுபவருக்குக் கூலியை விட விறகு தான் லாபம். கிளை பெரிசானால் லாபமும் பெரிசு. எந்தக் கிளையை விட வேண்டும் என்று அவர் ஏன் யோசிக்கப் போகிறார்?

முறையான வெட்டு எது?

மரம் பார்ப்பது வெளிநாடுகளில் படித்துப் பரீட்சை எழுதிச் செய்யும் தொழில். 'ஆர்போரிஸ்ட்' என்பார்கள். நம் பாஷையில் மர வைத்தியர். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் ரோட்டோர மரங்களை முறை வைத்துச் சோதிக்கிறது. அங்கேயும் விபத்து நடக்கிறது. 2017-ல் தாவரவியல் பூங்காவில் பெரிய மரம் விழுந்து ஒரு பெண் இறந்தார். ஆனால் சோதனை இருப்பதால், விழப் போகும் மரங்கள் பலவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிகிறது.

பெரிய கிளையை எடுக்க மூன்று வெட்டு வேண்டும். முதல் வெட்டு அடிமரத்தில் இருந்து ஓர் அடி தள்ளி, கிளைக்குக் கீழே, கால்வாசி ஆழம். இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மூன்றாவது, மிச்சம் நிற்கும் கட்டையை எடுக்க. கிளை மரத்தோடு சேரும் இடத்தில் புடைப்பாக ஒரு வளையம் இருக்கும். அதைத் தொடாமல் வெட்டினால் மரமே காயத்தை மூடிக் கொள்ளும். தார் பூச வேண்டியது இல்லை. ஒரு தடவையில் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கவும் கூடாது.

நீங்களே பார்க்கலாம்

அபாய அறிகுறிகளைக் கண்டுபிடிக்க வைத்தியர் தேவை இல்லை. அடிமரத்தில் காளான். நேராக நின்ற மரம் திடீரென்று சாய்வது. அடியில் மண் வெடித்துத் தூக்கி நிற்பது. கவட்டையில் விரிசல். உச்சிக் கிளைகள் பட்டுப் போவது. இதில் ஒன்று இருந்தாலும் மழைக்கு முன்பே சொல்லி விட வேண்டும். பொந்து இருந்தால் மட்டும் பயந்து வெட்ட வேண்டாம். சுற்றுச் சுவர் கனமாக இருந்தால் மரம் பல காலம் நிற்கும்.

கடைக்காரர்களும் கவனிக்க வேண்டும். மரத்தடியை சிமெண்டு பூசி மூடுவது, போர்டு மாட்ட ஆணி அடிப்பது, டீக்கடை வெந்நீரை வேரில் கொட்டுவது, அடியில் குப்பையைக் கொளுத்துவது எல்லாம் மெல்லக் கொல்லும் விஷம். டில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள சிமெண்டை அகற்றும்படி பசுமை தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவு போட்டது.

மாமல்லபுரம் கரையோரத்தில் வேறொரு தப்பு. புயல் முடிந்ததும் உப்புக்காற்று பட்டு இலை எல்லாம் கருகி விடும். மரம் செத்து விட்டது என்று வெட்டி விடுகிறார்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. சில வாரம் பொறுத்தால் துளிர்க்கும். சாய்ந்த சிறு மரத்தையும் வேர் காயும் முன் நிமிர்த்தி முட்டுக் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

வெட்ட கமிட்டி, காக்க?

பொது இடத்து மரத்தை வெட்ட கலெக்டர் தலைமையில் மாவட்ட பசுமைக் குழு இருக்கிறது. 2021-ல் அரசு அமைத்தது. நல்ல காரியம். ஆனால் வேரை அறுத்து விட்டால் மரத்தை வெட்ட அனுமதியே தேவை இல்லை. காற்று அந்த வேலையைச் செய்து விடும்!

நகராட்சிக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆள், வயதான மரங்களுக்கு ஒரு பதிவேடு, புரட்டாசிக்குள் ஒரு சோதனை, பள்ளம் தோண்டும் முன் அவர் கையெழுத்து. இவ்வளவு தான் வேண்டும். நசுங்கிய காரையும் அறுந்த கம்பியையும் சரி செய்யும் செலவோடு பார்த்தால் இது பெரிய செலவே அல்ல. போன உயிருக்கோ விலையே கிடையாது.

அடுத்த புயலுக்குப் பெயர் தயாராக இருக்கிறது. மரங்களைப் பார்க்க ஆள் தயாரா? அதிகாரிகள் கவனிப்பார்களா?