பெட்டியைப் புரட்டினால் எது உயரம்?

கணித ஆசிரியர் லீவில் நின்ற ஒரு நாள், ஆறாம் தர வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி அதிபர் என்னை அனுப்பினார். நான் அறபு கற்பிப்பவன். ஆனாலும், நீளம், அகலம், உயரம்தானே, இதற்கென்ன பெரிய படிப்பு என்ற துணிவோடு போனேன்.

மேசையில் கிடந்த வெண்கட்டிப் பெட்டியை எடுத்தேன். "பெரிய பக்கம் நீளம். அதைவிடச் சிறியது அகலம். மேல்நோக்கி நிற்பது உயரம்" என்றேன். முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து வந்து பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"மௌலவி, இப்போது பெரிய பக்கம்தானே மேல்நோக்கி நிற்கிறது? இது நீளமா, உயரமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "விளையாட்டை விட்டுவிட்டுப் போய் இரும்" என்று அதட்டினேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்தவாறு போய் அமர்ந்தான்.

அந்த வார இறுதியில் மனைவியோடு புடவைக் கடைக்குப் போனேன். பூப்போட்ட துணியொன்றில் அரை மீற்றர் கேட்டார். "அகலம் 45 அங்குலம்" என்றார் கடைக்காரர். 45 அங்குலம் என்றால் சுமார் 114 சென்ரிமீற்றர். வெட்டித் தந்த நீளமோ 50 சென்ரிமீற்றர். அகலம் நீளத்தைவிட இரு மடங்குக்கும் மேல்! பெரியதுதான் நீளம் என்ற எனது சட்டம் அந்தக் கடை மேசையிலேயே உடைந்துபோயிற்று.

துணிக்கு நீளம் என்பது பாவு நூல் ஓடும் திசை. அகலம் என்பது ஒரு கரையிலிருந்து மறு கரை வரை. வெட்டியெடுத்த துண்டு பெரிதோ சிறிதோ, அந்தத் திசைகள் மாறுவதில்லை. தைப்பவர் அதைக் கவனிக்காவிட்டால், நிமிர்ந்து நிற்க வேண்டிய பூக்கள் சரிந்து கிடக்கும்.

வீடு வந்ததும் அறபுக் கல்லூரியில் படித்த தூல், அர்ழ், உம்க் என்ற சொற்கள் நினைவுக்கு வந்தன. கிரேக்க அறிஞர் யூக்ளிட்டின் வடிவியல் நூல், 786 முதல் 809 வரை ஆண்ட கலீபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் அறபுக்கு வந்தது. அந்நூலின்படி, கோட்டுக்கு நீளம் மட்டுமே உண்டு. பரப்புக்கு நீளமும் அகலமும் உண்டு. திண்மத்துக்கு இவற்றோடு ஆழமும் உண்டு. மூன்றாவது அளவை அவர் உயரம் என்று சொல்லவில்லை, ஆழம் என்றார். நாமும் அலுமாரிக்கு உயரம் என்கிறோம், கிணற்றுக்கு ஆழம் என்கிறோம், பலகைக்குத் தடிப்பு என்கிறோம். பெயர்தான் வேறு.

ஆகவே மாணவனின் கேள்விக்கு விடை இதுதான்: ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகள் உள்ளன. அவற்றுள் நிலத்திலிருந்து நேர் மேலே செல்வது உயரம். பெட்டியைப் புரட்டினால் உயரமும் மாறும். எஞ்சிய இரண்டில் எதை நீளம் என்பது நமது வழக்கு. 12, 8, 5 சென்ரிமீற்றர் கொண்ட பெட்டியை எப்படிப் புரட்டினாலும் கனவளவு 480 கன சென்ரிமீற்றர்தான்.

அப்படியானால் பெயரில் ஒன்றுமில்லையா? தண்ணீர்த் தாங்கி கட்டுபவரைக் கேளுங்கள். 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் உயரம் என்றால் 3000 லீற்றர் கொள்ளும். நீளத்தையும் உயரத்தையும் மாற்றிக் கட்டினாலும் அதே 3000 லீற்றர்தான். ஆனால் நீர்மட்டம் உயர உயர அடியில் அழுத்தம் கூடும். சுவருக்கு அதிக பலம் வேண்டும். அளவைச் சொல்லி, எது உயரம் என்று சொல்லாமல் விட்டால் நட்டம் நமக்குத்தான்.

திங்கட்கிழமை அந்த வகுப்புக்குப் போனேன். "தம்பி, உமது கேள்விதான் சரி. எனக்குத்தான் அன்று விடை தெரியவில்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அவன் மெதுவாக எழுந்து, "அப்படியென்றால் பந்துக்கு எது நீளம், மௌலவி?" என்றான்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளையின் கையில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்து மூன்று விதமாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேள்வி வந்தால் அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டால், சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள்.